ஐந்து நிமிட அட்டை

ஜனவரி 6, திங்கள்

என்னிடம் இரண்டு நோட்டுகள் இருக்கின்றன. ஒன்று என் வேலையை மேற்பார்வை பார்க்கும் ஷகிலா மேடத்துக்கான பதிவேடு. தேதி, பெயர், வகுப்பு, நிமிடம் என்று நாலு பத்திகள். அந்த நாலு பத்திக்குள் அடங்காத எரிச்சல் எல்லாம் இந்த நோட்டுக்கு.

பள்ளி திறந்த முதல் நாள். என் அறையைப் பூட்டியே வைத்திருந்தார்கள். சாவி விளையாட்டு ஆசிரியரிடம் இருந்தது, ஏனென்றால் போன ஜூன் வரை அது வாலிபால் வலை வைக்கும் அறை. வலை இன்னமும் மூலையில்தான் கிடக்கிறது. நான் வந்த ஆகஸ்டில் வாசலில் ‘ஆலோசனை மையம்’ என்று பலகை மாட்டினார்கள். பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் அதற்கு ‘மெண்டல் ரூம்’ என்று பெயர் வைத்ததும் ஒரு பிள்ளைகூட எட்டிப் பார்க்கவில்லை. பலகையை நானே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினேன். அதற்குப் பிறகுதான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

மார்ச் 3, கோயம்புத்தூரில் எனக்கு மருத்துவ உளவியல் படிப்புக்கான தேர்வும் நேர்காணலும். பட்டம் மட்டும் போதாது, மேற்பார்வையில் நூற்றைம்பது மணி நேரம் பிள்ளைகளோடு வேலை பார்த்ததற்கான கையெழுத்து வேண்டும். இதுவரை எண்பத்திரண்டு. மீதி அறுபத்தெட்டு. இரண்டு மாதத்தில் அறுபத்தெட்டு மணி நேரத்துக்குப் பயந்த பிள்ளைகள் வேண்டும் எனக்கு. இப்படி எழுதினால் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

போன வருஷம் இதே தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தேன். பஸ் லேட். போக முடியவில்லை. அவ்வளவுதான்.

இன்று பன்னிரண்டாம் வகுப்பு இசக்கியம்மாளுக்கு அட்டை கொடுத்தேன். உள்ளங்கை அளவு மஞ்சள் அட்டை, ஷகிலா மேடத்தின் ஏற்பாடு. வகுப்பில் மூச்சு முட்டினால் அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு யாரையும் கேட்காமல் வெளியே வரலாம். முகம் கழுவி, வராந்தாவில் நாலு நடை நடந்து, ஐந்து நிமிடத்தில் திரும்பி உள்ளே போக வேண்டும். என்னிடம் வந்தால் நான் வாசலிலேயே நின்று பேசி அனுப்பிவிட வேண்டும். உட்கார வைக்கக் கூடாது.

இசக்கி அரையாண்டு இயற்பியல் தேர்வில் பாதியில் எழுந்து வந்தவள். விரல் மரத்துவிட்டதாம், பேனா பிடிக்க முடியவில்லையாம். அதுவரை வகுப்பில் முதல் மூன்றுக்குள் இருந்தவள். பெற்றோர் சங்கரன்கோவில் பக்கம் இருந்து வந்தவர்கள். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங், அப்பா இல்லை.

இசக்கியம்மாள், 12ஆ, 5 நிமிடம்.

ஜனவரி 8, புதன்

இயற்பியல் கதிர்வேல் சார் ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் கேட்டார். “ஏனுங்க மோகனா மிஸ், அந்த மஞ்ச அட்டை இன்னும் எத்தனை பேருக்குக் குடுக்கறதா உத்தேசமுங்க? கடைசில கிளாஸ்ல நானும் கரும்பலகையும்தான் இருப்போம்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். பதில் மத்தியானம் சோறு சாப்பிடும்போதுதான் தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

இசக்கி இன்று 12 நிமிடம். வாசலிலேயே நிற்க வைத்துப் பேச மனசு வரவில்லை. முகம் வெளிறிப் போயிருந்தது. நாற்காலி சும்மாதானே கிடக்கிறது.

ஜனவரி 10, வெள்ளி

இசக்கி 25 நிமிடம். நன்றாகப் பேசுகிறாள். அம்மாவோடு திருநெல்வேலிப் பேச்சு, பள்ளியில் எங்கள் ஊர்ப் பேச்சு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பேசிக் காட்டினாள். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஜனவரி 15, புதன்

பொங்கல் விடுமுறை. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அலமாரியைக் காலி செய்து திரும்ப அடுக்கினேன். மறுபடி காலி செய்து வேறு மாதிரி அடுக்கினேன்.

அம்மா வாசலில் கோலப்பொடியைக் கூட்டிக்கொண்டே கேட்டாள். “கண்ணு, கோயம்புத்தூர்ப் பரீட்சை எப்போ?”

“மார்ச் மூணு.”

“இந்த வாட்டி மொத பஸ்ஸுக்கே போயிரு சாமி. போன வாட்டி மாதிரி லேட்டாயிரப் போகுது.”

சரி என்றேன். அலமாரியை மூன்றாவது முறை அடுக்கினேன்.

ஜனவரி 22, புதன்

முதல் திருப்புதல் தேர்வு. பத்தரை மணிக்கு இசக்கி ஓடி வந்தாள். உதடெல்லாம் நடுக்கம். “முடியலைங்க மிஸ். எல்லாந் தெரியுது, ஆனா கை வர மாட்டேங்குது.” வினாத்தாளைக் கையிலேயே கசக்கிப் பிடித்திருந்தாள்.

முதல்வர் அறைக்கு ஓடினேன். என் அறையில் உட்கார்ந்து எழுதட்டும், நான் கண்காணிக்கிறேன் என்றேன். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டார்.

இசக்கி என் மேஜையில், நான் பக்கத்து நாற்காலியில். முதல் கால் மணி நேரம் அவள் எழுதவில்லை. மெதுவாக ஒரு வரி. அப்புறம் வேகம் பிடித்தாள், தாளுக்கு மேல் தாள் வாங்கினாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு இடத்தில் நான் அசையாமல் இருந்தது இந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை.

3 மணி நேரம்.

ஜனவரி 24, வெள்ளி

இசக்கி, 3 மணி நேரம். கேன்டீனில் இரண்டு லட்டு வாங்கித் தின்றேன்.

ஜனவரி 31, வெள்ளி

ஆறு தேர்வும் என் அறையில். இயற்பியலில் எழுபதுக்கு அறுபத்து நாலு. கதிர்வேல் சார் விடைத்தாளை எடுத்துக்கொண்டு என் அறைக்கே வந்தார். “நான் தப்பாப் பேசிட்டனுங்க மிஸ்” என்றார். காலைப் பிரேயரில் முதல்வர் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இந்த வேலைக்குத்தான் நான் பிறந்திருக்கிறேன். எழுதி வைத்துக்கொள்கிறேன், பிறகு சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம்.

பிப்ரவரி 1, சனி

இசக்கியின் அம்மா ஷிப்ட் முடிந்து நேராகப் பள்ளிக்கு வந்தார். சேலையெல்லாம் நூல் பிசிறு. பையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

“டீச்சர், நீங்க பக்கத்துல இருந்தாப் போதும், நூத்துக்கு நூறு எடுப்பேன்னு சொல்லுதா. இப்பம்லாம் சோறு கூட ஒழுங்காத் திங்கா. தாய்க்கோழிய விட்டுட்டு இருக்க மாட்டேங்குத குஞ்சு மாதிரில்லா உங்க பேரையே சொல்லிட்டுக் கெடக்கா.”

வாழைப்பழத்தை வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேன். விடவில்லை. வரும் வழியில் பஸ்ஸிலேயே மூன்று தின்றுவிட்டேன். அவர் சொன்னதில் ஏதோ ஒன்று நெஞ்சில் இடறியது. பழம்தான் என்று நினைத்துத் தண்ணீர் குடித்தேன்.

பிப்ரவரி 5, புதன்

ஷகிலா மேடம் கோயம்புத்தூரில் இருந்து புதன்தோறும் வர வேண்டியவர். வேறு பள்ளிகளில் பயிற்சி வகுப்பு என்று ஜனவரி முழுக்க வரவில்லை. இன்று வந்தார். வந்ததும் டீ கூடக் குடிக்காமல் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

“மோகனா, ஒரு மாசத்துல நாப்பத்து நாலு மணி நேரம். அதுல இருபத்தொம்பது ஒரே பொண்ணு.”

“ஆமாங்க மேடம். நல்ல முன்னேற்றம்.”

“யாருக்கு?”

எனக்குப் புரியவில்லை. பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். விரலால் பத்தியைக் கீழே கொண்டு போனார். அஞ்சு, பன்னெண்டு, இருபத்தஞ்சு, நாப்பது, மூணு மணி நேரம்.

“ஒருத்திக்குப் பயம் கொறஞ்சா இந்த நம்பர் எந்தப் பக்கம் போகணும்?”

நான் மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மாட்டினேன்.

“பயந்தப்பல்லாம் ஓடி வர ஒரு எடம் குடுத்திருக்கீங்க. வந்ததும் பயம் நின்னுருது. அப்ப அவ என்ன கத்துக்குறா? ஹால்ல உட்கார முடியாது, மோகனா மிஸ் இருந்தாத்தான் முடியும். பொதுத்தேர்வு எங்கே?”

“கேர்ள்ஸ் ஸ்கூல் சென்டருங்க.”

“அங்க உங்களுக்கு நாற்காலி போடுவாங்களா?”

ஐயோ. ஒரு மாதமாக இது எனக்குத் தோன்றவே இல்லையா? தோன்றியது. தோன்றும்போதெல்லாம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

“ஐந்து நிமிஷம்னு எழுதி வெச்சது சும்மா இல்லைங்க. திரும்பிப் போறதுதான் மருந்து. நீங்க அந்தப் பாதிய எடுத்துட்டீங்க.” மேடம் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. “கையெழுத்து நான் போட்டுருவேன். மணி நேரம் மணி நேரம்தான். அந்தப் பொண்ணுக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கு. என்ன செய்யறீங்கன்னு பாருங்க.”

பிப்ரவரி 6, வியாழன்

வாரத்துக்கு ஒரு நாள் வந்து போகிறவருக்கு என்ன தெரியும்? பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பிள்ளையின் கையைப் பார்த்தவள் நான். நீல நிறமாகிவிடும் நகமெல்லாம். அதைப் பார்த்துக்கொண்டு ‘வாசலில் நின்று பேசு’ என்றால் எப்படி? புத்தகம் எழுதியவன் எவனும் அந்த நகத்தைப் பார்த்ததில்லை.

வாலிபால் வலையை அவிழ்த்து மடித்து வைத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது.

பிப்ரவரி 7, வெள்ளி

மேடம் சொன்னது சரி.

பிப்ரவரி 10, திங்கள்

இசக்கியிடம் திட்டத்தைச் சொன்னேன். அடுத்த திருப்புதல் தேர்வில் முதல் தாளுக்கு என் நாற்காலி வாசலில். அடுத்ததற்கு வராந்தாவில். அதற்கடுத்து அவள் ஹாலிலேயே, நான் மாடிப்படியில். பிறகு நான் கீழே. கடைசியில் நான் கண்ணில் படாத தூரத்தில்.

“எதுக்குங்க மிஸ்? இப்பத்தான் நல்லாப் போயிட்டிருக்கு.”

“கேர்ள்ஸ் ஸ்கூல்ல நான் உள்ள வர முடியாதில்ல.”

“தெரியுங்க. அது அப்ப பாத்துக்கலாம்னு நெனச்சேன்.”

நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. ஆய்வகச் செய்முறைத் தேர்வை மட்டும் அவள் தனியாகவே நன்றாக முடித்துவிட்டாள். நின்றுகொண்டே செய்வது, கைக்கு வேலை இருக்கிறது. உட்கார வைத்து முன்னால் வெள்ளைத் தாளை நீட்டினால்தான் வினை.

பிப்ரவரி 13, வியாழன்

முந்தாநாள் தாளுக்கு வாசலில் நாற்காலி. முழுசாக எழுதினாள். இன்று அடுத்த தாளுக்கு வராந்தா. ஒரு மணி நேரம் எழுதியவள் எழுந்து வந்து கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். போய் உட்கார் என்றேன். போகவில்லை. பேசாமல் அழுதாள். நான் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டேன்.

இதைப் பதிவேட்டில் எப்படி எழுதுவது? நிமிடம் என்றுதான் பத்தி இருக்கிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

தண்ணீர் பாட்டில் நிரப்பப் போயிருந்தேன். திரும்பி வந்தால் இசக்கி என் மேஜைப் பக்கம் நின்று பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் நான் கூட்டிக் கூட்டி எழுதி வைத்திருந்த கணக்கு. 82, 97, 126, 137. அதற்குக் கீழே ‘இன்னும் 13’ என்று இரண்டு கோடு போட்டிருந்தேன்.

“இது என்னங்க மிஸ்?”

சொன்னேன். பொய் சொல்ல வரவில்லை.

“நூத்தம்பது ஆகுற வரைக்கும் நான் வேணும். ஆகப்போகுதுன்னதும் நாற்காலிய வெளிய தூக்கிப் போட்டுட்டீங்க.”

“அப்படி இல்ல இசக்கி.”

“அப்ப எப்படிங்க?”

அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. கை நடுங்கவே இல்லை. அட்டையை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பிப்ரவரி 17, திங்கள்

இசக்கி வரவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

வரவில்லை. வகுப்பாசிரியர் போன் செய்தால் அம்மா கம்பெனியில் இருக்கிறார், எடுக்க முடியவில்லை. காலையிலிருந்து மாடிப்படியில் பன்னிரண்டு தடவை ஏறி இறங்கினேன். கதிர்வேல் சார் பார்த்துவிட்டு, “மிஸ், ஏதாச்சும் போட்டிக்குப் போறீங்களா?” என்றார். சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 19, புதன்

முதல்வரிடம் சொல்லிவிட்டு, அவள் அம்மாவிடம் போனில் அனுமதி கேட்டு, வீட்டுக்கே போனேன். ஒரே கூரையின் கீழ் எட்டு வீடுகள் வரிசையாக. இவர்களுடையது ஐந்தாவது. அம்மா இன்று இரண்டாம் ஷிப்ட் என்பதால் இருந்தார்.

“ரெண்டு நாளா சுவரையே பாத்துட்டு உக்காந்திருக்கா டீச்சர். பரீட்சையே எழுத மாட்டேங்கா. பனியன் கம்பெனிக்கே வந்துருதேங்கா. நான் செக்கிங்ல நின்னு நின்னு காலு வீங்கிக் கெடக்கது இதுக்கா?” சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனார்.

இசக்கி நிமிர்ந்து பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். மணிக்கணக்கு உண்மை என்றேன். அது எனக்குத் தேவைப்பட்டது உண்மை, அதனால் உன்னைத் திருப்பி அனுப்ப வேண்டிய நேரத்தில் அனுப்பாமல் இருந்தேன், அதுதான் தப்பு, நாற்காலியை வெளியே போட்டது தப்பில்லை என்றேன்.

“உங்களுக்கு என்னங்க மிஸ். நீங்க படிச்சு முடிச்சுட்டீங்க. உங்களுக்கு ஒரு நாளாச்சும் இப்படி ஆயிருக்கா?”

இதற்கு மேல் நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதலாமா என்று பஸ்ஸில் வரும்போது முழுக்க யோசித்தேன். எழுதுகிறேன்.

போன வருஷம் பஸ் லேட் ஆகவில்லை. ஒன்பது மணிக்கே அந்தக் கல்லூரி வாசலில் இறங்கிவிட்டேன். எதிரே டீக்கடை. ஒரு டீ குடித்துவிட்டு உள்ளே போகலாம் என்று நினைத்தேன். கை மரத்துப் போனது. இன்னொரு டீ. கேட்டை மூடினார்கள். மூன்றாவது டீ குடித்துக்கொண்டே அதைப் பார்த்தேன். மூடியதும் மூச்சு நன்றாக வந்தது. அவ்வளவு நிம்மதி என் ஆயுசில் இருந்ததில்லை. பதினோரு மணிக்குப் பஸ் ஏறி வந்து அம்மாவிடம் பஸ் லேட் என்றேன். இந்த நோட்டிலும் அதையே எழுதி வைத்திருக்கிறேன், யாருமே படிக்காத நோட்டில்.

இசக்கி நிமிர்ந்து பார்த்தாள். “மூணு டீயா?” என்றாள்.

“மூணு.”

நாளைக்கு வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. அட்டையை மட்டும் வைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

நேற்றுப் புதனாகியும் வராத ஷகிலா மேடத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன், டீ உட்பட.

“உங்க கதைய அவகிட்ட சொன்னது யாருக்காக?”

“தெரியலைங்க மேடம்.”

“தெரியலைன்னு சொன்னீங்களே, அதுவே பரவால்ல. இன்னொரு தடவை சொல்லாதீங்க. அவ உங்களச் சுமக்கக் கூடாது.”

இசக்கி வந்திருந்தாள். என் அறைப் பக்கம் வரவில்லை. இரண்டாவது பாட வேளையில் அட்டையோடு வராந்தாவில் நடந்ததைக் கீழேயிருந்து பார்த்தேன். திரும்பி உள்ளே போனாள். நான் போய் மூஞ்சி கழுவிக்கொண்டேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

கடைசித் திருப்புதல் தேர்வு. ஹாலில், மற்றவர்களோடு. நேற்றுத் தமிழ் முழுசாக எழுதினாள். நான் மாடிப்படியில். இன்று ஆங்கிலம். நான் தரைத் தளத்தில்.

பதினொன்றே காலுக்கு என் அறை வாசலுக்கே வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. நகம் நீலம்.

வாசலில் நின்றேன். கதவை என் முதுகால் அடைத்துக்கொண்டு நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் பேசினேன். “இப்ப திரும்பிப் போகணும் இசக்கி.”

“மிஸ், இன்னைக்கு மட்டும்.”

“போகணும்.”

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் திரும்பினாள். மாடிக்குப் போகவில்லை. கேட் பக்கம் போனாள். வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஹாலில் அவள் விடைத்தாள் பாதியோடு கிடந்தது. அவள் அம்மாவுக்கு நானே போன் செய்து, பிள்ளை வீட்டுக்கு வருகிறாள் என்று சொன்னேன்.

அனுப்பியது சரியா? சரி என்றால் ஏன் எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை?

பிப்ரவரி 28, வெள்ளி

மொத்தம் 143. இசக்கிக்கு நிமிடம் குறையக் குறைய என் கணக்கு படுத்துவிட்டது. ஏழு மணி நேரத்தைச் சும்மா எழுதிச் சேர்க்கலாம். யாருக்குத் தெரியும்? பேனாவை எடுத்து ஒன்பதாம் வகுப்பு யாசீன், 40 நிமிடம் என்று எழுதி, அடித்தேன். அடித்த கோடு நன்றாகத் தெரிகிறது. தெரியட்டும்.

சாயங்காலம் முதல்வர் கூப்பிட்டார். “திங்கக்கெழமை நம்ம பஸ்ஸுல நீங்களும் சென்டருக்குப் போறீங்களா? உள்ள போக முடியாது, ஆனா கேட்டுக்கு வெளிய நின்னீங்கன்னா இசக்கிக்குத் தைரியமா இருக்கும்ல.”

போகிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன். நேர்காணல் அடுத்த வருஷமும் வரும். ஒரு பிள்ளையின் வாழ்க்கை என்று வந்துவிட்டால் நம்முடையது இரண்டாம் பட்சம்தானே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வீட்டுக்கு நடந்தே வந்தேன். மூச்சு அத்தனை லேசாக வந்தது.

மார்ச் 1, சனி

எழுதியதை மறுபடி படித்தேன். மூச்சு லேசாக வந்தது என்று எழுதியிருக்கிறேன். டீக்கடையில் நின்றபோதும் அப்படித்தான் வந்தது. நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

மத்தியானம் இசக்கியிடமிருந்து போன், அவள் அம்மாவின் எண்ணில் இருந்து.

“மிஸ், திங்கக்கெழமை நீங்க கேட்ல நிப்பீங்கன்னு சொன்னாங்க.”

“ஆமா. கவலப்படாத. நான் அங்கதான் இருப்பேன்.”

“வராதீங்க மிஸ்.”

நான் போனோடு எழுந்து ஜன்னல் பக்கம் போனேன்.

“நீங்க கேட்ல நிக்கிறீங்கன்னு தெரிஞ்சா நான் கேட்டுக்குத்தான் வருவேன். எனக்கு என்னையத் தெரியும். அன்னைக்கு நீங்க வாசல அடைச்சுட்டு நின்னப்ப உங்கள அடிக்கணும்னு தோணுச்சு. வீட்டுக்கு வந்து மிச்சக் கேள்விக்கெல்லாம் நானே கடிகாரம் வெச்சு எழுதினேன். எழுத முடிஞ்சுது.” அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். “உங்களுக்கும் அன்னைக்குத்தான பரீட்சை? என்னையச் சாக்குச் சொல்லாதீங்க மிஸ்.”

பதினேழு வயசு. எனக்குக் கோபம் வந்தது. நாலு வருஷம் உளவியல் படித்தவளிடம் பேசுகிற பேச்சா இது? அந்தக் கோபம் அடங்க அரை மணி நேரம் ஆனது. அடங்கியதும் முதல்வருக்குப் போன் செய்து நான் வரவில்லை என்றேன்.

மார்ச் 2, ஞாயிறு

அம்மாவிடம் பஸ் கதையைச் சொன்னேன். “தெரியுங் கண்ணு” என்றாள். “லேட்டாப் போன பஸ்ஸு அன்னைக்கு மத்தியானமே எப்படித் திரும்பி வந்துச்சு?” சொல்லிவிட்டுத் தோசைக்கு மாவு கரைக்கப் போனாள்.

மார்ச் 3, திங்கள்

ஆறே கால் பஸ். எட்டு நாற்பதுக்கு வாசல். அதே டீக்கடை, அதே ஆள். டீ குடிக்கவில்லை.

ஹாலில் என் எண் மூன்றாவது வரிசை. ஒன்பதரைக்கு வினாத்தாள். படிக்கிறேன், எழுத்து தெரிகிறது, அர்த்தம் ஏறவில்லை. விரல் நுனியில் ஆரம்பித்து முழங்கை வரை மரத்துவிட்டது. அத்தனை பேருக்கு நடுவில் நாற்காலி சத்தம் போட எழுந்து நின்றேன். கண்காணிப்பாளரிடம் வெளியே போக வேண்டும் என்றேன். முகம் கழுவினேன். வராந்தாவில் நாலு நடை நடந்தேன். வராந்தாக் கடைசியில் கேட் திறந்து கிடந்தது. அதைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். திரும்பி ஹாலுக்குள் போய் உட்கார்ந்தபோது ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடவே ஆகியிருந்தது.

பத்து மணி. அங்கே அவளுக்குக் கேள்வித்தாள் கொடுத்திருப்பார்கள். பத்தே கால். எழுத ஆரம்பிக்க மணி அடித்திருப்பார்கள். அதற்குப் பிறகு நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என் தாளில் எழுத நிறைய இருந்தது.

நேர்காணலில் மூன்று பேர். “நூத்தம்பது கேட்டோம், நூத்து நாப்பத்து மூணு கொண்டு வந்திருக்கீங்க?” என்று நடுவில் இருந்தவர் கேட்டார். ஒரு பெண்ணுக்கு ஐந்து நிமிடம் தேவைப்பட்ட இடத்தில் நான் மூன்று மணி நேரம் கொடுத்தேன், தப்பு என்று தெரிந்து குறைத்ததில் மீதி போய்விட்டது என்றேன். அடித்த கோட்டையும் அவர்களே கண்டுபிடித்துக் கேட்டார்கள். அதையும் சொன்னேன். ஒருவர் எதையோ எழுதிக்கொண்டார். முடிவு ஏப்ரலில். கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவிநாசி தாண்டும்போது போன் வந்தது.

“மிஸ், எழுதிட்டேன்.”

“முழுசாவா?”

“நடுவுல கை போயிருச்சு. பதினொன்னு இருக்கும். சூப்பர்வைசர்கிட்டக் கேட்டேன். ஒரு ஆயம்மா கூட வந்தாங்க. மூஞ்சி கழுவிட்டு நடந்தேன். அந்த ஆயம்மா, என்னம்மா வாந்தியான்னு கேட்டாங்க. இல்லைங்க, பயம்னு சொன்னேன். சரி, மெதுவா வான்னாங்க.” பின்னால் அவள் அம்மா யாரிடமோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. “அப்புறம் திரும்பிப் போயிட்டேன் மிஸ். அஞ்சு நிமிஷந்தான். ஒரு ரெண்டு மார்க் கேள்வி மட்டும் விட்டுப் போச்சு.”

நானும்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. இன்றைய நாள் அவளுடையது.

“அடுத்தது வியாழக்கெழமை இங்கிலீஷ்” என்றேன்.

“தெரியுங்க மிஸ்” என்றாள். “உங்க பஸ் கரெக்ட் டைமுக்கு வந்துச்சா?”

“வந்துச்சு.”

கண் கலங்கிவிட்டது. பக்கத்து சீட் அம்மா தன் பையைத் திறந்து ஒரு கைக்குட்டையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

பஸ் குலுங்கிக்கொண்டே போனது. மடியில் பதிவேட்டைப் பிரித்து இன்றைய தேதியைப் போட்டேன். இசக்கியம்மாள், 12ஆ. நிமிடம் என்ற பத்தியில் முதல் தடவையாகப் பூஜ்யம் எழுதினேன்.